வெட்டாமல் பங்கிடுவது

சோபாவை அவன் எடுத்துக்கொண்டான்.
நாய் எனக்கு.
காரை விற்றுப் பணத்தைப் பிரித்தாயிற்று.
கரண்டிகள்கூட ஆறு ஆறாகப் போய்விட்டன.
எப்படியோ ஒன்று பதிமூன்றாவதாய் வந்து
மேசைமேல் கிடக்கிறது.

மிச்சம் இந்தக் கறுப்புப் பெட்டி.
உள்ளங்கை அகலம், பன்னிரண்டு வருஷம்.
உள்ளே யாரோ நகம் கடிக்கிற சத்தம்.
"சாகப்போகிற டிஸ்க் இப்படித்தான் பேசும்"
என்றான் ஓவிதியோ.
நண்டுத் தொழிற்சாலையின் குளிர் இயந்திரங்களுக்குக்
காது கொடுத்தே சம்பளம் வாங்குகிறவன்.
சத்த விஷயத்தில் மட்டும் அவனை நம்பலாம்.

நாளைக் காலை அவனுக்குப் படகு,
நீரிணைக்கு அந்தப் பக்கம், போர்வெனீருக்கு.
அதற்குள் இதை முழுசாக இன்னொன்றில் இறக்க வேண்டும்.
புதிய டிஸ்க் வாங்கியது நான், பாதிக் காசு அவன்.
கணக்கு சுத்தம்.

கேபிளைச் செருகினேன்.
மீதமுள்ள நேரம்: நாலு மணி.
கொஞ்சம் பொறுத்து: பதினொரு நிமிடம்.
பிறகு: இரண்டு நாள்.
"உன் அண்ணன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்வதுபோல" என்றேன்.
சிரித்துவிட்டான்.
சிரிக்கக் கூடாதென்று
நாங்கள் ஒன்றும் பேசி வைத்திருக்கவில்லை.

ஃபோல்டர்கள் ஓடின.
பழசு. பழசு இரண்டு. பழசு எல்லாம்.
இதுதான் கடைசி.
இதுதான் கடைசி, உண்மையாக.
ஒரே கல்யாணப் படம் ஏழு இடத்தில்,
ஏழிலும் என் சித்தி நேலிதா கண்ணை மூடியபடி.
கேஸ் பில். குளியலறை ஓட்டுக்கு விலைப்பட்டியல்.
ஒரு ஃபோல்டருக்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை,
'புதிய ஃபோல்டர்' என்றே இருந்தது.
அது வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில்
நாய்க்குத் தண்ணீர் வைக்க எழுந்தோம்.

வெளியே பூந்தா அரேனாஸின் நவம்பர் காற்று.
சதுக்கத்தருகே நடப்பவர் பிடித்துக்கொள்ள
மதியமே கயிறு கட்டிவிட்டார்கள்.
எண்பத்து மூன்று சதவீதத்தில்
தெரு முழுக்க மின்சாரம் போயிற்று.

நகம் கடிப்பது நின்றது.
இவ்வளவு நேரமாக இந்த வீட்டில்
அது ஒன்றுதான் விடாமல் பேசிக்கொண்டிருந்தது
என்று அப்போதுதான் தெரிந்தது.

ஹீட்டரின் நீலச் சுடர் வெளிச்சத்தில் காப்பி கலக்கினேன்.
மற்றதெல்லாம் பெட்டிக்குள்,
இருவருக்கும் அந்த ஒரே கரண்டி.

"பழையது உனக்கு, யெர்க்கா."
"செத்துக்கொண்டிருப்பதை என் தலையில் கட்டுகிறாயா?"
"அதுதானே அசல்."
"எது அசல்? எண்ணுக்கு எண் ஒன்றுதான் இரண்டும்."
"அப்படியானால் ஏன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய்?"

குனிந்து பார்த்தேன்.
மடியில் இருந்தது. இன்னும் சூடாக.
எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

ஒன்றரை மணிக்கு விளக்கு வந்தது.
மறுபடி முதலிலிருந்து.
கணினி கேட்டது:
இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது,
மாற்றவா? தவிர்க்கவா? இரண்டையும் வைக்கவா?
என் தோளுக்கு மேலாகக் கை நீட்டித்
'தவிர்' என்பதை அழுத்தினான்.
'எல்லாவற்றுக்கும் இப்படியே' என்ற கட்டத்திலும் ஒரு டிக்.
எப்போதும் இவனுக்கு அவசரம்.

ஒன்று மட்டும் வரவில்லை.
வீடியோ, பதினாலு விநாடி, பெயருக்குப் பதில் எண்கள்.
மூன்று முறை முயன்றோம்.
நான்காம் முறை அவன் டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டான்,
மருத்துவர் போல முகத்தை வைத்துக்கொண்டு.
அதில் என்ன இருந்தது?
எனக்கு ஞாபகமில்லை. அவனுக்கும் இல்லை.
காற்றாக இருக்கும் என்றான்,
நாம் எடுத்ததில் பாதி காற்றுதானே.
விடு.
விட்டேன்.

ஐந்தரைக்கு எல்லாம் முடிந்தது.
சன்னல்களை ஒவ்வொன்றாக மூடினோம்,
திரையில் இருந்தவற்றைத்தான் சொல்கிறேன்.
பாதுகாப்பாக வெளியேற்று என்பதை அழுத்தினேன்.

முடியாதாம்.
இந்தச் சாதனம் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதாம்.

யார் பயன்படுத்துகிறார்கள் என்று அது சொல்லவில்லை.
அவன் கோட்டுப் போட்டபடி நிற்கிறான்,
கம்பளிக் காலுறை ஒன்றை உறைபோல விரித்துப் பிடித்து.
படகு ஒன்பது மணிக்கு.
இன்னொரு முறை அழுத்திப் பார் என்கிறான்.